72 மணி நேரமும் ஒரு நீலப் பேனாவும்

கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் சில மாதங்கள் வேலை பார்த்தேன். ஆண்டு விற்பனை 25 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியிருந்ததால், 2025 ஜனவரி 1 முதல் அவர்கள் இ-இன்வாய்ஸுக்கு, அதாவது விற்பனைச் சீட்டுகளை இணையவழி வரித்துறைக்கு அனுப்பி உறுதிசெய்துகொள்ளும் முறைக்கு, மாறியாக வேண்டியிருந்தது. "எல்லாத்தையும் மாத்திடுங்க தம்பி, பழைய முறையே இருக்கக் கூடாது" என்று சொல்லித்தான் முதலாளி என்னை அழைத்தார். ஆறு மாதத் தளர்வுக் காலம் உண்டு என்று தெரிந்ததும் அந்த வேகம் பாதியாகக் குறைந்தது.

மென்பொருளைப் பொருத்துவது பெரிய வேலையாக இல்லை. சிக்கல், உள்நாட்டு வருமான வாரியம் வைத்திருக்கும் 72 மணி நேர விதியில் இருந்தது. உறுதிசெய்யப்பட்ட இன்வாய்ஸை அந்தக் கெடுவுக்குள் ரத்து செய்யலாம்; அதன் பிறகு கிரெடிட் நோட் போன்ற தனி ஆவணம் போட்டுத்தான் திருத்த முடியும். இந்த நிறுவனத்திலோ, எந்த உணவகத்துக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதே மாதக் கடைசியில், முதலாளியின் மேசையில், நீலப் பேனாவால் முடிவாகும் விஷயம். தள்ளுபடியை முன்கூட்டியே வரையறுத்து, விற்பனைப் பிரிவே இன்வாய்ஸை அனுப்பட்டும் என்று நான் சொன்ன நாளோடு வேலை நின்றுபோனது. யாரும் மறுக்கவில்லை. கூட்டம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. இறுதியில், இ-இன்வாய்ஸை அச்செடுத்து, சாப் (முத்திரை) குத்தி, முதலாளியின் கையெழுத்துக்கு வைக்கும்படி உத்தரவு வந்தது. இதைவிட அழகாக ஒரு மாற்றத்தை யாராலும் முறியடிக்க முடியாது.

மனிதர் தாம் பின்பற்றுவதாகச் சொல்லும் கொள்கை வேறு, அவர்களை உண்மையில் நடத்தும் கொள்கை வேறு, அந்த இடைவெளி பெரும்பாலும் அவர்கள் கண்ணுக்கே படுவதில்லை என்று நிர்வாகவியல் அறிஞர் கிறிஸ் ஆர்கிரிஸ் எழுதியிருக்கிறார். நான் அதை முதலாளிக்கு மட்டுமே பொருத்திப் பார்த்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை, ஓர் உணவகத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு தள்ளுபடி என்று கேட்டேன். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டால் கடைகள் முடங்கியபோது, வாங்கிய கடனைச் சிறுகச் சிறுகவேனும் தவறாமல் கட்டி வந்தவர் அந்த உணவகக்காரர் ஒருவர்தானாம். அடுத்தடுத்த பெயர்களுக்கும் இப்படியே ஒவ்வொரு கதை வந்தது. அந்தக் கையெழுத்தை நான் வெறும் தாமதம் என்றே கணக்கில் எழுதியிருந்தேன். அவருக்கோ, யார் எப்படிப்பட்டவர் என்று தாம் அறிந்து வைத்திருந்தது அத்தனையும் அதில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மென்பொருளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, கணக்குப் பிரிவு அக்காவும் நானும் அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாடிக்கையாளரின் தள்ளுபடியையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதினோம். நாற்பத்து மூன்று பெயர்களில் பதினொன்றை மட்டும் தம் கையெழுத்து இல்லாமல் அனுப்பச் சம்மதித்தார். எனக்குக் கிடைத்த ஊதியம் மென்பொருளுக்கானது. என் வேலை என்று நான் நினைத்துக்கொள்வது அந்தப் பதினொன்றைத்தான்.

இந்த முறை மாதக் கடைசியில் ஆறு மணி ரயிலைப் பிடித்துவிட்டதாக அக்கா செய்தி அனுப்பியிருந்தார். மீதி முப்பத்திரண்டு இன்னும் நீலப் பேனாவுக்காகக் காத்திருக்கின்றன.