இரண்டு ஊர், மூன்று நாள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்

காந்தி ஜெயந்தியோடு சனி, ஞாயிறும் ஒட்டிக்கொண்டதில் மூன்று நாள் விடுமுறை. மனைவி பாண்டிச்சேரி என்றாள். அம்மா மதுரை என்றார். முடிவெடுக்க வேண்டிய குடும்பத் தலைவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குடும்ப அட்டையில் அந்த இடத்தில் மனைவியின் படம்தான் இருக்கிறது.

இரண்டு ஊருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒன்றில் மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஊரே கையை வீசிக்கொண்டு நடக்கும். இன்னொன்றில் நள்ளிரவிலும் தோசைக்கல் ஆறாது. நடக்க இடம் கிடைப்பதுதான் அரிது. மனைவிக்கு அந்த நடை வேண்டும். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர், மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்.

“அங்கே என்ன இருக்கிறது?” என்றார் அம்மா. “கால் நனைக்கலாம் என்று போனால் கரை நெடுகப் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரனே 1954-இல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் விட்டுப்போன ஜன்னலைப் பார்க்க நாம் காசு கொடுத்துப் போக வேண்டுமா?”

பேச்சு கடுமையாவதைப் பார்த்து இலக்கியத்தால் சமாதானம் செய்யலாம் என்று நினைத்தேன். பாரதியார் 1908 முதல் பத்து வருடம் பாண்டிச்சேரியில்தான் வாழ்ந்தார் என்றேன். அம்மா முன்னாள் தமிழாசிரியை. சும்மா விடுவாரா? “அதற்கு முன்பே 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தார், தெரியுமா?” என்றார்.

“எத்தனை நாள், அத்தை?”

“மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும்.”

“அவ்வளவுதானா? உறவுக்காரர்கள் தொல்லை தாங்காமல் கிளம்பியிருப்பார்” என்றாள் மனைவி.

வழக்கின் உண்மையான காரணம் இப்படித்தான் வெளியே வந்தது. மதுரை திருநகரில் பெரிய மாமா இருக்கிறார். மதுரைக்குப் போய் மாமா வீட்டில் தலைகாட்டாமல் திரும்பினால் அது மூன்று தலைமுறைக்கு நிற்கும். தலைகாட்டினாலோ காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, பிறகு மாமாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை பற்றிய முழு விவரம். பாண்டிச்சேரியின் பெருமை வேறெதுவும் இல்லை, அங்கே எங்களுக்கு ஒரு உறவினர்கூடக் கிடையாது.

எனக்கும் உள்ளூரப் பாண்டிச்சேரிதான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் அந்த ஊரின் பெயரை ஓர் ஆண் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும். வாடகைக் கார் பற்றி விசாரிக்கலாம் என்று பக்கத்து மேசைக்காரரிடம் வாயைத் திறந்தேன். ஒரு கண்ணைச் சிமிட்டினார். “அம்மா, மனைவி, பையனோடு போகிறேன் சார்” என்றேன். “அப்படித்தான் சொல்ல வேண்டும்” என்று முதுகில் தட்டினார். பிறகு நாட்காட்டியைப் பார்த்துவிட்டு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: “காந்தி ஜெயந்தி அன்றைக்கா போகிறீர்கள்? கடை இருக்காதே!”

அன்று இரவு வாக்கெடுப்பு. அம்மா மகனைத் தனியே பால்கனிக்கு அழைத்துப் போய் ஜிகர்தண்டா என்று ஒன்று இருப்பதைச் சொல்லியிருக்கிறார். பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்தது என்றதும் அவன் மதுரைக்குக் கை தூக்கிவிட்டான். ஒரு தம்ளருக்கு விலைபோன வாக்கு. போதாக்குறைக்குப் பாண்டிச்சேரியில் நாங்கள் பார்த்த அறைகளின் வாடகை விடுமுறையையொட்டி மும்மடங்கு ஆகியிருந்தது. பால்கனியில் ஒரு காலைத் தூக்கி நின்று கழுத்தை நீட்டினால் கடல் தெரியும் என்பதற்காக அந்தப் பணம். வைகை எக்ஸ்பிரஸில் நான்கு இருக்கை இருந்தது. 1977-இல் அந்த வண்டியை விட்ட புதிதிலேயே தான் அதில் போனதாக அம்மா விழுப்புரம் தாண்டும் வரை சொல்லிக்கொண்டு வந்தார். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாண்டிச்சேரிக்கு விழுப்புரத்தில்தான் பிரிய வேண்டும்.

சனிக்கிழமை காலை, ஒரு டஜன் ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அரைக் கிலோ இனிப்பு சகிதம் திருநகர். முன்கூட்டிச் சொல்லவில்லை. “சொன்னால் அண்ணி விடியற்காலையிலேயே எழுந்து சமைக்க ஆரம்பித்துவிடுவாள், பாவம், சிரமம்” என்பது அம்மாவின் கட்சி.

கேட்டில் பூட்டு. அதுவும் சாதாரணப் பூட்டு இல்லை, உள்ளங்கை அகலத்தில் பித்தளைப் பூட்டு; இரண்டு நாளுக்குக் குறையாமல் ஊரில் இருக்க மாட்டோம் என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. கம்பிகளுக்கு நடுவே பால் பை இல்லை. நாளிதழும் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முறையாகப் போயிருக்கிறார்கள்.

நான் மாமாவை அழைத்தேன். பின்னணியில் ஒரே இரைச்சல்.

“மாமா, எங்கே இருக்கிறீர்கள்?”

“பாண்டிச்சேரியிலப்பா! காந்தி சிலைக்குப் பக்கத்தில் நிற்கிறோம். நல்ல காற்று. சென்னைக்கே வரலாமா என்றுதான் யோசித்தோம். வந்தால் உங்கள் வீட்டுக்கு வராமல் இருக்க முடியாது. உங்களுக்கெல்லாம் எதற்குச் சிரமம் என்று…”

ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். போட்டிருக்கக் கூடாது. அம்மா கேட்டின் பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனைவி திரும்பி நின்றுகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

நாங்கள் மதுரையில் நிற்பதைச் சொல்வதா வேண்டாமா என்று நான் தடுமாறுவதற்குள் மாமாவே, “ஏதாவது வாங்கி வரட்டுமா?” என்றார். அம்மா கைபேசியை வாங்கி, “ஒன்றும் வேண்டாம் அண்ணா, நீங்கள் நன்றாக ஊரைச் சுற்றிப் பாருங்கள்” என்று தேன் ஒழுகச் சொல்லி இணைப்பைத் துண்டித்தார். அந்தத் தேனை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

எதிர் வீட்டு அம்மாள் காபி குடிக்காமல் விடவில்லை. அதில் ஒரு மணி நேரம். கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை தாண்டி நடை சாத்தியிருந்தார்கள். இனி நான்கு மணிக்குத்தான். வெயிலில் சித்திரை வீதியில் தொடங்கி, ஆவணி மூல வீதியைக் கடந்து, மாசி வீதி வரை நடந்தோம். பத்து மாதம் நடந்தது போலத்தான் இருந்தது. கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ்.

விளக்குத்தூண் பக்கம் ஒருவழியாக ஜிகர்தண்டா. நன்னாரி நிறத்தில் பால், மேலே ஐஸ்கிரீம், அடியில் வழுவழுவென்று கடற்பாசி. மகன் ஒரு வாய் உறிஞ்சினான். கடற்பாசி தொண்டையில் இறங்கியதும் கண்கள் விரிந்தன. “பாட்டி, இதில் ஏதோ உயிரோடு இருக்கிறது” என்று தம்ளரைத் தள்ளிவிட்டான். அவனுடையதையும் சேர்த்து மனைவி இரண்டு தம்ளர் குடித்தாள். வந்ததிலிருந்து அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான்.

மாலையில் கைபேசிகளையும் பையையும் பாதுகாப்பகத்தில் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். படம் எடுக்க வழியில்லாததால் பொற்றாமரைக் குளத்துப் படியில் நான்கு பேரும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. எங்கள் வீட்டில் அது நடந்து பல மாதங்கள் ஆகின்றன.

ஞாயிறு காலை அதே வைகையில் திரும்பினோம். ஆப்பிள் திண்டுக்கல்லுக்குள் தீர்ந்தது. இனிப்பு திருச்சியில். ஹார்லிக்ஸ் மட்டும் அம்மாவின் மடியில் இருந்தது. விழுப்புரத்தில் வண்டி நின்றபோது மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

“அத்தை, அடுத்த விடுமுறைக்காவது பாண்டிச்சேரி போகலாமா?”

“போகலாம்” என்றார் அம்மா. “அதற்கு முன்னால் உன் பெரிய மாமாவுக்குப் போன் போட்டு, அன்றைக்கு அவர்கள் மதுரையில்தான் இருப்பார்களா என்று கேட்டுக்கொள்.”