திருவதிகையில் அக்காவின் வேண்டுதல்

பஸ் நெல்லிக்குப்பத்தைத் தாண்டியதும் அக்கா பையிலிருந்து பழைய வேட்டித் துணியைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். "உள்ளங்கையில் சுற்றிக்கொள் தம்பி. களைக்கொட்டு பிடித்த கையா இது?"

வேண்டுதல் அவளுடையது, வேலை என்னுடையது. நான் ஊர் திரும்பினால் என் கையாலேயே திருவதிகை வீரட்டானேசுவரருக்கு உழவாரம் செய்ய வைப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேனா? 22 வருடம் பார்த்த வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, 'என்னை நானே தேடிப் போகிறேன்' என்று கிளம்பிய அன்று அவளிடம் சொல்லிக்கொண்டேனே தவிர, கேட்கவில்லை.

காசி, ஹரித்துவார், ரிஷிகேஷ் என்று 11 மாதம் அலைந்தேன். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், கங்கை கங்கைதான். ஆனால் கரையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் மஞ்சக்குப்பம் வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதோ என்ற கவலைதான் முதலில் வந்து நிற்கும். சமணத் துறவி தருமசேனராய்ப் பாடலிபுத்திரத்தில் இருந்த அப்பர் பெருமானைச் சூலை என்னும் வயிற்றுவலி இந்தத் திருவதிகைக்கே திருப்பி அனுப்பியது. எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சேமிப்பு தீர்ந்தது, வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, ஐப்பசி மழையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த சேதி. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் இரண்டு வேளை வந்து குளிப்பாட்டி, சோறூட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தவள் அக்கா. நான் போன் செய்தபோதெல்லாம் "அம்மா தூங்குகிறாள்" என்று சொன்னாள். நான்கு மாதமாக ஒரு மனுஷி எந்நேரமும் தூங்குவாளா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பண்ருட்டி பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ. இரண்டு கிலோமீட்டருக்கு அவர் கேட்ட தொகையைக் கேட்டு அக்கா இறங்கப் போனாள். பிறகு பேசிப் படிந்தது. கோபுர வாயிலின் நாட்டியச் சிற்பங்களை நிதானமாகப் பார்க்க ஆசை. விடவில்லை. வெயில் ஏறுமுன் வேலை முடியவேண்டுமாம்.

வெளிப் பிராகாரத்தில் கோரை மண்டிக் கிடந்தது. ஆவேசமாகப் பிடுங்கித் தள்ளினேன். அக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து, நான் குவித்ததைக் கிளறிப் பார்த்தாள். "எல்லாம் வெறும் தாள். கிழங்கு உள்ளேயே இருக்கிறது. பத்து நாளில் மறுபடி வரும்." களைக்கொட்டை வாங்கிச் சாய்வாகக் குத்தி, நெம்பி, கருப்பாகப் பாசிமணி போலிருந்த கிழங்கை வேரோடு எடுத்து என் கையில் வைத்தாள். கிள்ளிப் பார்த்தேன், உள்ளே வெள்ளை, மருந்து வாசனை. உச்சிவேளைக்குள் நான் சுத்தம் செய்த இடம் ஒரு கட்டில் அகலம் இருக்கும். துணியை மீறி மூன்று கொப்புளம்.

மாலை பிரதோஷம். அந்தக் கூட்டத்தை என்னவென்று சொல்வது! வாசலில் ஒருவர், கேட்காமலே நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டு நூறு ரூபாய்க்குக் கை நீட்டினார். உள்ளே, எனக்கு முன்னால் நின்றவர் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கியவர் இறக்கவே இல்லை. 16 பட்டை லிங்கத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டு பட்டை. அதற்குள் "நகருங்க, நகருங்க".

சலிப்போடு, அப்பரின் அக்கா திலகவதியார் சந்நிதிக்கு வந்தோம். அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை. நிச்சயித்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாய்ந்தபின், தம்பி வாழவேண்டுமே என்று உயிரை வைத்துக்கொண்டிருந்த அம்மை. தம்பி போய்விட்ட பிறகும் அலகிட்டு, மெழுகி, பூத்தொடுத்துக்கொண்டு இங்கேயே இருந்தவள். எத்தனையோ முறை கேட்ட கதைதான். அன்றுவரை நான் அதை அப்பர் கதையாக மட்டுமே கேட்டிருக்கிறேன்.

அக்கா திருநீற்றை எடுத்தாள். வலக்கையால் என் நெற்றியில் பூசும்போது, கண்ணில் விழாமலிருக்க இடக்கையைப் புருவத்தின்மேல் கூரைபோல் கவித்துக்கொண்டாள். நான் ஒன்றாம் வகுப்புக்குப் போன நாட்களில் அப்படித்தான் செய்வாள். அந்த உள்ளங்கையில் துடைப்பத்தின் மண் வாசனை. வாயைத் திறந்தேன், மன்னிப்பு என்ற சொல் வரவில்லை, கேவல்தான் வந்தது. "அழாதே, நீறு கரையும்" என்றாள். அம்மையே, தாயே, 11 மாதம் என் அம்மாவின் மூச்சைக் காத்துக் கொடுத்தாயே, இந்த அக்காவைக் கொடுத்தாயே! அர்ச்சனைத் தட்டை எங்கே வைத்தேன், அம்பாள் சந்நிதிக்கு எப்போது போனோம், ஒன்றும் நினைவில்லை. பெரியநாயகி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கொப்புளத்தை ஊதிக்கொண்டே, "உன் வேண்டுதல் முடிந்ததல்லவா?" என்றேன்.

"16 பிரதோஷம் என்று வேண்டியிருக்கிறேன். இது முதலாவது."

மாதத்துக்கு இரண்டு. விரல் விட்டு எண்ணினேன். எட்டு மாதம் ஊரைவிட்டு நகர முடியாது. அக்கா அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.