ஹோம்ஸ் மீது விழுந்த 130 கிலோ குண்டுகள்

சிரியா போர் என்றதும் விமானங்களும் ரசாயன ஆயுதங்களும்தான் பலருக்கும் நினைவு வருகின்றன. ஆனால் 2012 பிப்ரவரியில் ஹோம்ஸ் நகரின் பாபா அம்ர் பகுதியை அரசுப் படைகள் நொறுக்கியதில் மோர்ட்டார்களுக்கும், அதாவது குண்டை உயர எறிந்து மேலிருந்து விழச்செய்யும் குட்டைப் பீரங்கிகளுக்கும், பங்கு உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே 240 மில்லிமீட்டர் குழாய் விட்டமுள்ள மோர்ட்டார்கள் பயன்பட்டதை மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அப்போதே சுட்டிக்காட்டியது. அந்த மோர்ட்டாரின் பெயர் எம்-240, சோவியத் தயாரிப்பு. சாதாரண மோர்ட்டாரில் ஒரே ஆள் குண்டைத் தூக்கிக் குழாயின் வாயில் போட்டுவிடலாம், இதில் ஒரு குண்டே 130 கிலோ என்பதால் குழாயைச் சாய்த்துப் பின்பக்கமாகக் குண்டை நுழைத்து மறுபடி நிமிர்த்த வேண்டும். ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் பாயும், கிட்டத்தட்ட செங்குத்தாக வந்து விழும், அதாவது கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் வெடிக்கும். அரண்களையும் பதுங்கு அறைகளையும் உடைக்க உருவாக்கியதைக் குடும்பங்கள் ஒளிந்திருக்கும் குடியிருப்புகள் மேல் சுட்டார்கள். என்னால் இதை மன்னிக்கவே முடியவில்லை.

அதே முற்றுகையில் பிப்ரவரி 22 அன்று பத்திரிகையாளர் மேரி கோல்வினும் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார்கள். கோல்வின் சாவுக்கு சிரிய அரசே பொறுப்பு என்று 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்புறம் ரஷ்யா. கொடுத்தது பழைய சோவியத் ஆயுதம்தானே, இன்றைய ரஷ்யாவுக்கு என்ன பொறுப்பு என்று கேட்பவர்களை நான் ஏற்கவில்லை. அந்த பிப்ரவரி 4-ஆம் தேதிதான் சிரியா குறித்த ஐ.நா. பாதுகாப்பு சபையின் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன, ஹோம்ஸ் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்திலேயே.