வியட்நாமிலிருந்து என்ன வாங்கி வந்தாய்?

ஃபாரின் என்றால் எங்கள் ஆபீஸில் இன்னும் சிங்கப்பூர்தான். 2024 டிசம்பரில் வியட்நாம் போகிறேன் என்று லீவ் எழுதிக் கொடுத்ததும், "அப்போ எனக்குக் கோடாலித் தைலம் ரெண்டு பாட்டில்" என்றார் பக்கத்து கவுண்டர் அக்கா. "அது சிங்கப்பூர் சாமான், அக்கா" என்றேன். "எல்லாம் அந்தப் பக்கம்தானே" என்றார்.

திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடி விமானம் வந்தபிறகு எங்கள் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போய்வர ஆரம்பித்துவிட்டார்கள். (பெயர் ஹோ சி மின் நகரம் என்று மாறி எத்தனையோ வருடம் ஆகிறது. பேச்சில் இன்னமும் சைகோன்தான்.) நானும் வீட்டுக்காரரும் மட்டும், ஐந்து நாள். போவதற்கு முன் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: ஷோகேஸில் வைக்கிற எதையும் வாங்குவதில்லை. எங்கள் வீட்டு ஷோகேஸில் ஏற்கெனவே ஒரு தாஜ்மகால், இரண்டு தலையாட்டி பொம்மை, யாரோ கொடுத்த ஈஃபில் கோபுரம் எல்லாம் தூசி தின்றுகொண்டு நிற்கின்றன.

மிளகும் வாங்கவில்லை. உலகத்திலேயே அதிகம் மிளகு விளைவது வியட்நாமில்தான், விலையும் மோசமில்லை. ஆனாலும் மிளகை அங்கிருந்து சுமந்துவந்து நம் ஊரில் கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். பாட்டிலுக்குள் பாம்பைச் சுருட்டிப் போட்ட சாராயம் ஒன்றும் விற்கிறார்கள். அதன் பக்கம் என் வீட்டுக்காரர் இரண்டு நிமிடம் அதிகமாக நின்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

வாங்கியதில் முதலாவது ஃபின். அது அவர்கள் ஊர் காபி பில்டர். டம்ளர் மேல் உட்காரும் ஒரு ஓட்டைத் தட்டு, அதன்மேல் குட்டிக் கிண்ணம், தூளை அமுக்க உள்ளே ஒரு வில்லை, மேலே மூடி. அவ்வளவுதான். நம்முடையதில் டிகாஷன் கீழ்ப் பாத்திரத்தில் இறங்கி வீட்டுக்கே காத்திருக்கும். ஃபினில் அது நேராக நம் டம்ளரில் விழும், அதுவும் ஒரே ஒரு ஆளுக்கு. சந்தையில் கடைக்காரம்மா கால்குலேட்டரில் 1,20,000 என்று தட்டிக் காட்டினார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. டாங் என்ற அவர்கள் நாணயக் கணக்கில் அது நம் காசுக்கு 400 ரூபாய் என்பது மண்டைக்கு எட்டுவதற்குள் என் விரல் 50,000 தட்டியிருந்தது. 60,000-இல் முடிந்தது. கூடவே அரைக் கிலோ தூள்.

அப்பாவுக்கு 78 வயது. காபி விஷயத்தில் அவர் சொல்வதுதான் வீட்டில் சட்டம். ஃபினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன, சாம்பிளுக்குக் கொடுத்தானா?" என்றார். அங்கே குடித்தது போலவே போட்டுக் கொடுத்தேன்: டம்ளரின் அடியில் இரண்டு கரண்டி மில்க்மெய்டு, மேலே ஃபின். முதலில் தூள் நனைகிற அளவுக்கு மட்டும் வெந்நீர், அது ஊறியதும் மீதி. பிரெஞ்சுக்காரர்கள் காபியைக் கொண்டுபோன காலத்தில் அங்கே பசும்பால் கிடைப்பது அரிது, அதனால்தான் டின் பால் வந்தது என்ற கதையையும் சொன்னேன். சொட்டுச் சொட்டாக விழுவதை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்தார். "பாயசம் நல்லா இருக்கு. காபி எப்போ வரும்?"

அங்கே விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா என்ற கசப்புக் கூடின காபி வகை. கறுக்க வறுப்பார்கள், சிலர் வறுக்கும்போது வெண்ணெயும் சேர்ப்பதுண்டு. பீபரியும் பிளான்டேஷனும் கலந்து குடித்த நாக்குக்கு அது பிடிக்காததில் ஆச்சரியமில்லை. அந்தத் தூளை நானே குடித்துத் தீர்த்தேன்.

ஆனால் ஃபின் பிழைத்துக்கொண்டது. ஒருநாள் அப்பா நம் வீட்டுத் தூளை அதில் போட்டுப் பார்த்திருக்கிறார். நைசான தூள், அடைத்துக்கொண்டு இறங்கவே இல்லை. விடுவாரா? தூள் கடைக்குப் போய், கொரகொரப்பாக நூறு கிராம் தனியாக அரைத்து வாங்கி வந்துவிட்டார். இப்போது மதியம் மூன்று மணிக்கு, வீட்டில் யாரும் இல்லாதபோது, தனக்கு மட்டும் ஒரு டம்ளர். காலை டிகாஷனில் மிச்சம் இருக்கிறதா, யார் ஊற்றிவிட்டார்கள் என்ற சண்டையே இல்லை. பால் மட்டும் பசும்பால்தான்.

ஆபீஸுக்குத் தேங்காய் மிட்டாய். மீகாங் ஆற்றுப் பக்கம், பென் ட்ரேயில், செய்கிற இடத்துக்கே கூட்டிப் போனார்கள். தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் காய்ந்து இறுகியதைச் சூட்டோடு சூடாக நீட்டி, துண்டு போட, வரிசையாக உட்கார்ந்த பெண்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் சுற்றி எறிகிறார்கள். உள்ளே அரிசித்தாள் ஒன்று, அதன் மேல் சாதாரணத் தாள். உள்தாளோடு அப்படியே தின்னலாம். இதை ஆபீஸில் சொல்ல மறந்துவிட்டேன். காலை முழுக்க ஆளாளுக்கு நகத்தால் அந்தத் தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு ஒரு பொட்டலம், நாற்றத்துக்குப் பேர்போன டுரியன் பழத்தின் வாசனை. "மேடம், எங்கேயோ கேஸ் லீக் ஆகுதா?" என்றார் ஒருவர். தைலம் கேட்ட அக்காவுக்கு மட்டும் டுரியன் பிடித்துப்போய், மிச்சத்தையெல்லாம் அவரே எடுத்துக்கொண்டார்.

பனையோலைக் கூம்புத் தொப்பி வாங்கியது என் சட்டத்தை மீறிய செயல், தண்டனையும் கிடைத்தது. பெட்டிக்குள் போகாது. தலையில் வைத்துக்கொண்டே விமானம் ஏறினேன். திருச்சியில் இறங்கும்போது நுனி நசுங்கியிருந்தது. இப்போது மொட்டை மாடியில் வடகம் காய வைக்கும்போது காக்காய்க் காவலுக்கு உட்காருகிறவர் தலையில் இருக்கிறது. பையனுக்குச் செலவழியாத பிளாஸ்டிக் நோட்டுகள். பத்தாயிரம் டாங், அப்போது நம் காசுக்கு 35 ரூபாய்கூட வரவில்லை. பள்ளியில் லட்சாதிபதியாகி இரண்டு நாள் திரிந்தான்.

எனக்கென்று நான் வாங்கியது ஓர் அஞ்சலட்டை. அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறவள் சைகோன் போய் அங்கிருக்கும் மத்திய அஞ்சலகத்தைப் பார்க்காமல் வர முடியுமா? 1891-இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டி முடித்தது. ரயில் நிலையம் போல உயரமான வளைவுக் கூரை, தரையில் பூ ஓடுகள், சுவர்களில் 1892-ஆம் வருடத்து வரைபடங்கள். ஒன்றில் அந்தக் காலத்துத் தந்திக் கம்பி எங்கெங்கே போனது என்று கோடு கோடாக இருக்கிறது. வீட்டுக்காரர் மேலே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கவுண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் முத்திரை குத்திய சத்தம் அப்படியே எங்கள் ஆபீஸ் சத்தம்.

அங்கே ஒரு பெரியவர் பல பத்து வருடங்களாக நீள மேஜையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதிக் கொடுத்தாராம். நான் போனபோது அவர் இல்லை. நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் வராந்தாவிலும் ஒருவர் மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேனாவைக் காதில் செருகியிருப்பார். அந்த மேஜையில் உட்கார்ந்துதான் அட்டையை எழுதினேன். "அப்பா, இங்கே காபி சொட்டுச் சொட்டாக விழுகிறது. நீங்கள் பார்த்தால் எழுந்து போய்விடுவீர்கள்." தலை கவிழ்ந்திருந்ததால் கண் கலங்கியது யாருக்கும் தெரியவில்லை. ஏன் கலங்கியது என்று இன்றுவரை எனக்கும் தெரியவில்லை.

ஊர் வந்து பதினெட்டாம் நாள் அட்டை வந்தது. காலையில் பை பிரித்த இடத்திலேயே சத்தம். என் கையெழுத்து அங்கே எல்லாருக்கும் தெரியும். போஸ்ட்மேன் அண்ணன் அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என் கவுண்டருக்கே வந்துவிட்டார்.

"மேடம், பத்தொன்பது வருஷ சர்வீஸ்."

"என்ன அண்ணே?"

"பின்கோடு எங்கே?"

எழுதவில்லை. தெரு, ஊர், மாவட்டம், இந்தியா எல்லாம் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் "பின்கோடு போடுங்க சார்" என்று சொல்கிற நான் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் விட்டிருக்கிறேன். அட்டையை அன்றே அப்பாவிடம் கொடுத்தேன். படித்தார், சிரித்தார். மறுநாள் பார்த்தால் முகவரிக்குக் கீழே நீல மையில், அவருடைய நடுங்கும் எழுத்தில், 612001.