லூசில் லாவெர்ன்: சூனியக்காரிக்கு முன்பிருந்த நடிகை

டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ படத்தில் விஷ ஆப்பிளை நீட்டும் கிழவியின் சிரிப்பை ஒருமுறை கேட்டவர்கள் எளிதில் மறப்பதில்லை. அந்தக் குரலுக்குரிய லூசில் லாவெர்ன், அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, குரலே கேட்காத ஒரு மௌனப் படத்தில் அதைவிடக் கொடிய கிழவியாக நடித்திருந்தார் என்பதை நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன். அன்றிலிருந்து கிடைத்த படங்களையெல்லாம் தேடிப் பார்த்ததில், சூனியக்காரி என்ற ஒற்றை அடையாளம் அவருக்கு நியாயமானதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

1872இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் பிறந்த லாவெர்ன், சிறு வயதிலேயே மேடையேறியவர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தேர்ந்து, நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் நடித்து, வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் தாமே ஒரு நாடகக் குழுவையும் நடத்திய பிறகுதான் திரைப்படத்திற்கு வந்தார். கேமராவின் முன் நின்றபோது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார்; கதாநாயகி வேடம் பற்றிய பேச்சுக்கே இடமில்லாததால், தாய், வேலைக்காரி, விதவை, பிச்சைக்காரி என்று குணச்சித்திர வேடங்களே அவருக்கு வாய்த்தன.

அவற்றுள் தலையாயது, டி. டபிள்யூ. கிரிஃபித் 1921இல் இயக்கிய ‘ஆர்ஃபன்ஸ் ஆஃப் தி ஸ்டார்ம்’ படத்தின் ஃப்ரொஷார் கிழவி. கதை பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸில் நடக்கிறது. அந்தப் பாரிஸை நியூயார்க் மாநிலத்தின் மமாரனெக்கில் அரங்குகளாகக் கட்டியெழுப்பியிருந்தார்கள். டோரதி கிஷ் நடித்த பார்வையற்ற லூயிஸ், அக்காவாக வளர்ந்த லிலியன் கிஷ்ஷைப் பிரிந்து தெருவில் தனியே நிற்கும்போது ஃப்ரொஷாரின் கையில் சிக்குகிறாள். கிழவி அவளை நிலவறையில் அடைத்து வைத்து, தெருத்தெருவாகப் பாடிப் பிச்சையெடுக்க வைக்கிறாள். முதல்முறை பார்த்தபோது லாவெர்னின் நடிப்பு எனக்கு மிகையாகவே பட்டது. கண்ணை உருட்டுவதும் வாயைக் கோணுவதும் கடைசி வரிசை ரசிகருக்காகச் செய்யப்படும் மேடைப் பழக்கங்கள் அல்லவா? இரண்டாம் முறை அவருடைய கைகளை மட்டும் கவனித்தேன். அந்தப் பெண்ணைத் தொடும்போதெல்லாம், விலைக்கு வந்த கோழியைப் பிடித்துப் பார்ப்பவரைப் போல அவள் என்ன விலை பெறுவாள் என்று அவை கணக்கிடுகின்றன. அதன் பிறகு முகத்தின் மிகை என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

மேடையில் அவருக்குப் பெரும்புகழ் தந்தது, லூலா வோல்மர் எழுதி 1923இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘சன்-அப்’. வட கரோலினா மலைப்பகுதியில் வாழும் எழுதப் படிக்கத் தெரியாத விதவை கேகிள், கள்ளச் சாராயம் காய்ச்சிய கணவனை அரசாங்க அதிகாரி சுட்டுக் கொன்றதை மறக்காதவள். மகனும் முதல் உலகப் போரில் மாண்டுபோன செய்தி வருகிற வேளையில், தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்திருக்கும் இளைஞன் கணவனைக் கொன்றவனின் மகனே என்று அவளுக்குத் தெரிய வருகிறது. துப்பாக்கியை எடுப்பவள், இறந்த மகனின் குரலைக் கேட்டுப் பழியைக் கைவிடுகிறாள். இந்த வேடத்தை லாவெர்ன் நெடுங்காலம் நடித்தார். 1925இல் எம்ஜிஎம் படநிறுவனம் அதைப் படமாக்கியபோதும் அவரே கேகிள். மலைநாட்டுப் பேச்சின் இழுவையில் உயிர்த்திருந்த ஒரு பாத்திரத்தை ஓசையில்லாமல் நடித்துக் காட்ட வேண்டிய விந்தையான நிலை அது. 1928இல் நியூயார்க்கின் 299 இருக்கைகள் கொண்ட பிரின்சஸ் தியேட்டருக்கு ‘லூசில் லாவெர்ன் தியேட்டர்’ என்றே பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயர் வெகுநாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே மாறிவிட்டது.

அவருடைய எல்லா வேடங்களையும் இன்று ரசிக்க முடியாது. கிரிஃபித்தின் ‘தி ஒயிட் ரோஸ்’ படத்தில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினப் பணிப்பெண்ணாக வருகிறார். அக்கால வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடலாம்; எனக்கு அந்தக் காட்சிகளைப் பார்ப்பது கடினமாகவே இருந்தது.

பேசும் படங்கள் வந்தபோது பல மௌனப்பட நட்சத்திரங்கள் தடுமாற, மேடைக் குரல் படைத்த லாவெர்னுக்கு அந்தக் கவலை இல்லை. 1931இன் ‘லிட்டில் சீசர்’ படத்தில், தப்பி வந்த ரவுடியை ஒளித்துவைத்து, அவன் பணத்தையும் சுருட்டிக்கொள்ளும் மா மக்தலேனாவாகச் சில நிமிடங்களே வருகிறார். 1935இன் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ படத்தில் மறுபடியும் பிரெஞ்சுப் புரட்சி. இம்முறை ‘வெஞ்சன்ஸ்’ என்று அழைக்கப்படும் வெறிகொண்ட பெண். ஃப்ரொஷாரில் நாம் கண்ணால் மட்டும் பார்த்த கொக்கரிப்பை இங்கே காதாலும் கேட்கலாம்.

பிறகுதான் டிஸ்னி. அரசி, கிழவி ஆகிய இரண்டு குரல்களும் அவருடையவையே. அரசியின் குரலிலிருந்து கிழவியின் குரலுக்கு மாறுவதற்கு அவர் தம் பொய்ப்பற்களைக் கழற்றி வைத்தார் என்று உடன் பணியாற்றிய ஓவியர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1937 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் படம் முதன்முறையாகத் திரையிடப்பட்டபோது, குரல் கொடுத்தவர்கள் எவருடைய பெயரும் அதில் இடம்பெறவில்லை. நியூயார்க் தியேட்டரின் முகப்பில் ஒருகாலத்தில் எழுதப்பட்டிருந்த லாவெர்னின் பெயரும் இல்லை. அதுவே அவருடைய கடைசிப் படம். 1945இல் தமது 72ஆம் வயதில் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் காலமானார்.