மாதச் சராசரியும் ஆடிக் கஞ்சியும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, வெருலம், டொங்காட் பக்கமெல்லாம் கரும்புக்காடாக இருந்த மேடுகள் ஒவ்வொன்றாக வீட்டு மனைகளாகி வருகின்றன. அந்த மனைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டுப் போடும் அறிக்கையில் தூசு பற்றிய பகுதியை எழுதுவது என் பிழைப்பு. ஈரநிலம், போக்குவரத்து, மழைநீர் வடிகால் எல்லாம் பெரிய பெரிய அத்தியாயங்களாக இருக்கும். தூசு கடைசியில் நாலு பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும். ஆனால் மண் வேலை தொடங்கியதும் அக்கம்பக்கத்தாரிடமிருந்து முதலில் வரும் புகார் அந்த நாலு பக்கத்தைப் பற்றியதுதான்.

இங்குள்ள மண் அப்படி. கடலோரப் பழைய மணல்மேடுகள் காலப்போக்கில் இற்று, இரும்புச்சத்து ஏறிச் சிவந்து கிடக்கின்றன. 'பெரியா ரெட் சாண்ட்' என்பார்கள். மேலே கரும்போ புல்லோ இருக்கும்வரை தொல்லை இல்லை. புல்டோசர் ஒருமுறை சுரண்டிவிட்டால், காய்ந்த மண் கேழ்வரகு மாவு போலப் பறக்கும். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் ஒட்டினால் துவைத்தாலும் லேசில் போகாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2013-இல் வந்த தேசியத் தூசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு விழும் தூசு 600 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மற்ற இடங்களுக்கு வரம்பு 1,200. ஆண்டுக்கு இரண்டு முறை மீறினால் பொறுத்துக்கொள்வார்கள், அதுவும் அடுத்தடுத்த மாதங்களாக இருக்கக் கூடாது. அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கம்பத்தின் மேல் ஒரு வாளி, அதில் கொஞ்சம் தண்ணீர், பாசி பிடிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம், பறவை வாளியின் விளிம்பில் உட்காராமலிருக்க மேலே ஒரு வளையம். மாதம் முடிந்ததும் ஆய்வகத்தில் வடிகட்டி, உலர்த்தி, எடை போடுவார்கள். வடிதாளில் கரும்பு எரித்த கரியும் கிடக்கும், செம்மண்ணும் கிடக்கும். எது யாருடைய தூசு என்று லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். வளையம் பறவையைத் தடுக்கும், டர்பன் குரங்குகளை எதுவும் தடுக்காது. அது தனிக் கதை.

சிக்கல், இது முப்பது நாள் சராசரி என்பதில் இருக்கிறது. ஒரே ஒரு நாள் 6,000 மில்லிகிராம் கொட்டி, மற்ற 29 நாளும் 300 விழுந்தது என்று வையுங்கள். சராசரி 490. சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை. அந்த ஒரு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆஸ்துமா பிள்ளையோடு உட்கார்ந்திருந்த வீட்டில் போய் இந்தக் கணக்கைச் சொல்ல முடியுமா?

அப்படிப்பட்ட நாள் குருட்டாம்போக்கில் வருவதில்லை. குளிர்காலத்திலும் வசந்தம் தொடங்கும்போதும் மலைப்பக்கமிருந்து 'பெர்க்' காற்று இறங்கும். சூடான, வறண்ட காற்று. காலையில் தெளித்த தண்ணீரை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிவிடும். பின்னாலேயே குளிர்முகம், அதாவது குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, வந்தால் காற்று சட்டென்று தென்மேற்குக்குத் திரும்பி அடிக்கும். தூசு காலையில் ஒரு தெருவில் விழும், மாலையில் அதற்கு எதிர்த் தெருவில். எல்லாம் வானிலை அறிவிப்பில் முந்தின நாளே தெரியும்.

இடர் மதிப்பீட்டுக்கு எங்களில் பலர் பிரிட்டனின் காற்றுத் தர மேலாண்மைக் கழகத்தின் வழிகாட்டியை எடுத்துக்கொள்கிறோம். இடிப்பு, மண்வேலை, கட்டுமானம், லாரிச் சக்கரத்தோடு சாலைக்குப் போகும் மண் என்று நான்காகப் பிரித்து, பக்கத்தில் இருப்பவர்கள் எவ்வளவு பாதிக்கப்படுவார்கள் என்று மதிப்பெண் போடும் முறை. நல்ல முறைதான். ஆனால் அழுக்குப் படிவதால் அதிகம் பாதிக்கப்படும் இடங்களின் பட்டியலில் அதில் கார் ஷோரூம் இருக்கிறது. ஆடி மாதக் கஞ்சிப் பானை இல்லை.

பொதுமக்கள் கூட்டம் ஒன்று, எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. தேநீர் இடைவேளையில் ஒரு ஆயா பக்கத்தில் வந்தார். "தம்பி, ஆடியிலே மாரியம்மனுக்கு வெளியிலேதான் கஞ்சி காய்ச்சுவோம். அப்போ உங்க லாரி ஓடுமா?"

"எந்தக் கிழமை ஆயா?"

"வெள்ளியும் ஞாயிறும்."

ஞாயிறு எப்படியும் வேலை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயில் பக்கத்துச் சரிவில் மண் வெட்டக் கூடாது என்று திட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன். கட்டுமான நிறுவனம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டது. ஆடி என்றால் ஜூலை, ஆகஸ்டு. இங்கே வறண்ட மாதங்கள். எந்த மென்பொருளும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது.

அப்புறம் தண்ணீர். எந்தத் தூசுத் திட்டத்தைப் புரட்டினாலும் முதல் வரி 'தண்ணீர் தெளிக்கப்படும்' என்றுதான் இருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் டேங்கருக்கு வரிசையில் நின்றது. அந்தச் சனத்தின் கண் எதிரே ஒரு டேங்கர் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும்? அதனால் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று எழுதாத திட்டத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. சுத்திகரித்த கழிவுநீரா, தளத்திலேயே தேங்கும் மழைநீர்க் குட்டையா, தெளிவாகச் சொல்ல வேண்டும். லாரி ஓடும் பாதைக்குக் காகிதக்கூழ் ஆலைத் துணைப்பொருளான லிக்னோசல்ஃபோனேட் தெளிக்கலாம், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கோடை மழை வந்தால் கரைந்து போகும், திரும்பத் தெளிக்க வேண்டும்.

இதைவிடப் பயன் தருவது மண்ணைத் திறக்காமல் இருப்பது. வீடு கட்டப்போகிற பகுதியை மட்டும் சுரண்டி, மற்றதில் கரும்பை அப்படியே விட்டுவைப்பது. கான்ட்ராக்டருக்கு இது பிடிக்காது. புல்டோசர் வாடகைக்கு வந்திருக்கும்போதே மொத்த மேட்டையும் மழித்துவிட்டால் அவருக்குச் செலவு மிச்சம். லாரிகள் ஆர்102 சாலையில் ஏறுமுன் சக்கரம் கழுவுவதிலும் இதே இழுபறி உண்டு. மழை நாளில் சாலையில் ஒட்டும் சேறுதான் மறுநாள் வெயிலில் புழுதியாகிறது என்று எத்தனை முறை சொன்னாலும், "மழை பெய்யுதே, தூசு எங்கே?" என்பார்கள்.

திட்டத்தில் நான் விட்டுக்கொடுக்காத வரி இன்னொன்று உண்டு: காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் மண்வேலையை நிறுத்தும் அதிகாரம் தளத்தில் யாருக்கு என்று பதவியோடு எழுத வேண்டும், அவருடைய தொலைபேசி எண் வாசல் பலகையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் அந்த இடத்தில் 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று மாற்றச் சொல்வார்கள். காற்றின் வேகம் எவ்வளவு என்பதை வேண்டுமானால் பேசித் தீர்மானிக்கலாம், பலகை இருந்தே ஆக வேண்டும் என்பேன்.