பழைய ஓடு, பழைய மரத்தில் ஊர்ச் சாவடி: கூரையிலிருந்து தொடங்கும் கணக்கு

இடித்த வீட்டுச் சாமான்களை வைத்து ஊர்ச் சாவடி கட்ட நினைப்பவர்கள் முதலில் படம் வரைந்துவிட்டு அப்புறம் பொருள் தேடுகிறார்கள். கடைசியில் பாதி மரம் அறுபட்டு வீணாகும், மீதி புதிதாக வாங்கப்படும். கைக்கு வந்த உத்திரத்தின் நீளம்தான் தூண் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும். பத்தடி உத்திரங்கள் கிடைத்திருந்தால் மூன்று அங்கணம் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி), பக்கத்துக்கு நான்கு தூண், மொத்தம் எட்டு. நீளம் 9 மீட்டர், அகலம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே 6 மீட்டருக்கு முழு மரம் கிடைப்பது அரிது. அந்த இடத்தில் புது இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) போடுவதில் தப்பே இல்லை. எல்லாமே பழையதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் கூரையைத் தாங்காது.

மரத்தை வாங்குமுன் அடிப்பகுதியில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உள்ளே கரையானோ உளுப்போ இருக்கிறது. பழைய உத்திரங்களில் இணைப்புக்காக முன்பு வெட்டிய காடி (பள்ளம்) இருக்கும். அது நடுவில், அடிப்பக்கமாக வந்தால் மரம் அங்கேதான் பிளக்கும். புரட்டிப் போட்டுக் காடியை மேலே கொண்டுவரலாம், அல்லது தூணுக்கு அருகில் தள்ளலாம். ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டமான கைமரத்துக்குப் பழைய வீட்டுப் பனங்கை அருமையானது. கறுத்து வைரம் பாய்ந்த பக்கம் மட்டும் பார்த்து எடுங்கள். இதற்காகப் பச்சைப் பனையை வெட்டக் கிளம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் அதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண்கள் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்த விலை சாவடிக்கு ஆகாது.

இனி ஓடு. சுற்றிலும் 90 செ.மீ. இறவாணம் (தூணுக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு) விட்டால் கூரையின் தரைப்பரப்பு 7.8 × 10.8, அதாவது சுமார் 84 சதுர மீட்டர். 30 டிகிரி சரிவில் அது 97 ஆகும். சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, சதுர மீட்டருக்குச் சுமார் 15, ஆக 1,460. நாலு பக்கச் சரிவுக் கூரை என்றால் மூலைகளில் ஓட்டைக் குறுக்காக வெட்ட வேண்டும், பழைய ஓடு அதில் நிறைய உடையும். மொத்தம் 1,700 ஓடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முகடும் மூலைகளும் சேர்ந்து 27 மீட்டர் வரும், அதற்கு முகட்டு ஓடு தனி. இருபக்கச் சரிவில் 11 மீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனாலும் கடலோரத்தில் நாலு பக்கச் சரிவையே சொல்வேன், புயல் காற்றில் அதுதான் நிற்கும்.

ஓட்டைத் திருப்பி அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பல கம்பெனிகள் தத்தம் அச்சில் ஓடு வார்த்தன. வெவ்வேறு முத்திரை ஓடுகள் பக்கத்தில் பக்கத்தில் பூட்டாது. பார்வைக்குத் தெரியாத அந்தச் சந்தில்தான் மழை ஒழுகும். முத்திரை வாரியாக அடுக்கி, ஒரு சரிவுக்கு ஒரே வகை போடுங்கள். ஓடு மாட்டும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளியையும் புத்தகம் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பத்து ஓட்டை வரிசையாகக் கோத்து, இழுத்து ஒரு அளவு, நெருக்கி ஒரு அளவு எடுத்து, இரண்டுக்கும் நடுவே வைக்க வேண்டும். பெரும்பாலும் 32 செ.மீ. பக்கத்தில் வரும். தட்டினால் கணீரென்று ஒலிக்காத ஓடும், ரீப்பரில் மாட்டும் மூக்கு உடைந்த ஓடும் கூரைக்கு ஆகாது. உடைத்துத் தரைக்குப் போடுங்கள்.

சுவர் இல்லாத கூரையில் காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும். பலரும் கோட்டை விடுவது இதில்தான். சென்னைக் கடற்கரைக்கு வடிவமைப்புக் காற்றின் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அதில் பாதி மேல்நோக்கி இழுத்தாலே 75 கிலோ. ஒரு சதுர மீட்டர் ஓட்டின் எடையோ 40 கிலோவைத் தாண்டாது. எனவே இறவாணம், மூலை, முகட்டை ஒட்டிய வரிசைகளில் ஒவ்வொரு ஓட்டையும் அதன் துளை வழியே கால்வனைஸ் கம்பியால் ரீப்பரோடு கட்ட வேண்டும். கைமரத்தை உத்திரத்தோடு வெறும் ஆணியில் நிறுத்தாமல் 25 × 3 மி.மீ. இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். தூணின் அடி தரையைத் தொடாமல் 15 செ.மீ. உயரத்தில், U வடிவ இரும்புப் பிடிக்குள் 12 மி.மீ. போல்ட்டால் நிற்கட்டும். கரையானும் சாரலும் அங்கேதான் ஏறும். பிடியின் கால் ஒரு மீட்டர் ஆழத்தில், ஒரு மீட்டர் சதுரக் கான்கிரீட் தட்டில் புதைந்தால் மேலே நிரப்பிய மண்ணோடு சேர்ந்து ஒன்றரை டன்னுக்கு மேல் எடை கிடைக்கும். தண்ணீர் நிற்கும் இடத்தில் அந்த எடை குறையும். கணக்கை ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

திண்ணை எளிது. 45 செ.மீ. உயரம், பழைய செங்கல், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலவை. சிமெண்டில் கட்டியிருந்த செங்கல்லைச் சுத்தம் செய்யும் கூலி கல்லின் விலையைத் தாண்டிவிடும். மண்ணிலோ சுண்ணாம்பிலோ கட்டிய சுவர் இடியும் இடமாகத் தேடுங்கள். உப்புப் பூத்த கல்லை ஒதுக்குங்கள்.

முதல் கோடையில் மரம் சுருங்கும், போல்ட்டுகள் தளரும். மழைக்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை முடுக்கி, அதே முத்திரை ஓட்டில் நூறைத் திண்ணைக்கு அடியில் நிறுத்தி அடுக்கி வையுங்கள்.